குறை இல்லை என்று எழுதிய கார்

கார் நின்றது. நின்ற பிறகு ஒரு சாண் நகர்ந்தது.

யேசுதாஸ் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. இன்ஜினையும் அணைத்தாயிற்று. எண்ணூர்ப் பக்கம் கடலோரமாகப் போட்டிருந்த அந்த யார்டில் கோலிக்குண்டை வைத்தால்கூட உருளாது. பிளாஸ்டிக் உறையின் வாசம்கூட மாறாத அந்தப் புத்தம்புதுக் கார் மட்டும், தரைக்கடியில் எதையோ அரைப்பது போன்ற ஒரு முனகலோடு, ஒரு சாண் முன்னால் போய் நின்றது. அவருக்குப் பின்கழுத்து சில்லிட்டது.

ஏற்றுமதிக் கார்களை யார்டிலிருந்து கப்பலுக்குள் ஓட்டிச் சேர்ப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவர் பிழைப்பு. கோளாறான வண்டிகள் எத்தனையோ பார்த்தவர். இது வேறு ரகம். குறைச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்: "மிதித்தும் நகர்கிறது."

எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த யார்டில் தனி மரியாதை உண்டு. குறை சொன்னவனே எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். சூப்பர்வைசர் சங்கரநாராயணன் டீ டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பத்து தடவை ஓட்டினார் யேசுதாஸ். பத்து தடவையும் டீ தளும்பாமல் சமர்த்தாக நின்றது கார்.

"வண்டி நல்லாத்தானே நிக்கி அண்ணாச்சி? உங்க காலுக்குத்தான் வயசாயிட்டு போல" என்றார் சங்கரநாராயணன்.

டிரைவர்கள் சிரித்தார்கள். அவருடைய அக்கா மகன் ஜெரியும் சேர்ந்து சிரித்தான். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் தனியாக ஓட்டியபோது இரண்டு சாண். மறுபடி எழுதினார், மறுபடி ஊர் கூடியது, மறுபடி சமர்த்தாக நின்றது. இன்னொரு சீட்டு வந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்றார் சங்கரநாராயணன். மூன்றாம் நாள் காலையில் யேசுதாஸ் அதே சீட்டில் "குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாயெல்லாம் கசந்தது. எழுதியது பொய் என்று கைக்கே தெரிந்திருந்தது.

ஜெரி ஓடிவந்தான். "மெய்யாலுமே சரியாப் பூட்ச்சா மாமா? மனசுக்குள்ள கொஞ்சம் பேஜாராவே கீது."

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். ஆனால் அன்று அவரைப் பார்த்துச் சிரித்த வாய் அல்லவா அது!

"சரியாதான்டா கீது. போய் வேலையப் பாரு."

சாயங்காலம் அந்தக் காரின் சாவியை அவர் கையிலேயே கொடுத்தார்கள். வேறு எவனுக்கோ போவதைவிட நானே மெதுவாக ஏற்றிவிடுகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இரும்புச் சரிவில் ஏறிக் கப்பலின் வயிற்றுக்குள் போனார். டீசல் புகையும் கருகிய ரப்பர் வாடையும் உப்புக்காற்றும் கலந்து மூச்சை அடைத்தன. எங்கோ கீழ்த்தளத்தில் சங்கிலிகள் இழுபட்டன. மங்கிய குழல்விளக்குகளுக்குக் கீழே, கைமுஷ்டி இடைவெளியில், ஆளில்லாத கார்கள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் பார்த்து நின்றன.

கடைசி வரிசையில் ஒரே ஓர் இடம். அதற்கு அப்பால் கப்பலின் இரும்புச் சுவர். சுவருக்கு முன்னால் விசில் ஊதி வழிகாட்ட நின்றவன் ஜெரி.

வழக்கமாக அந்த வேலை வேறொருவனுடையது. இன்று மாற்றியிருக்கிறார்கள்.

விட்டு விட்டு ஊதினால் வா. நீட்டி ஊதினால் நில். ஜெரி விட்டு விட்டு ஊதினான். கார் ஊர்ந்தது. பிறகு நீட்டி ஊதினான்.

யேசுதாஸ் மிதித்தார். கார் நின்றது.

ஒரு சாண் நகர்ந்தது.

கைபிரேக்கை இழுத்தார். சாவியைத் திருகி உருவினார். இன்ஜின் அடங்கியது. முனகல் அடங்கவில்லை. இன்னொரு சாண்.

"ஓரம் போடா! ஜெரி! நவுரு!"

கண்ணாடி ஏற்றியிருந்தது. ஜெரி சிரித்தான். மாமா நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டான். சிரித்துக்கொண்டே ஒரு அடி பின்வாங்கினான். முதுகு சுவரில் முட்டியது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

கதவைத் தள்ளினார். பக்கத்து இரும்புத் தூணில் இடித்தது. ஹாரனை அடித்தார். சத்தமே இல்லை.

இரண்டு கால்களாலும் மிதித்தார். முழங்கால் நொறுங்குகிற மாதிரி மிதித்தார். அவசரமே இல்லாமல் போனது கார்.

நீட்டி ஊதினான் ஜெரி. நிறுத்தவே இல்லை.

மெத்தென்று எதிலோ முட்டியது.

ஜெரியின் தலை பானெட்டின் மேல் கவிழ்ந்தது. விசில் ஓய்ந்தது. முனகலும் ஓய்ந்தது. யேசுதாஸின் வாயிலிருந்து "மாதாவே" என்று மட்டும் வந்தது.

கவிழ்ந்த தலை அசையவில்லை. அதற்கடியிலிருந்து, மெதுவாக, விட்டு விட்டு, விசில் கேட்டது.

வா. வா. வா.

யேசுதாஸின் இரண்டு கால்களும் இன்னும் பிரேக்கின் மேல்தான் இருந்தன. கார் இன்னொரு சாண் நகர்ந்தது.