பல்லில் எழுதிய பசி

மாற்று இதயம் வேண்டுவோர் முதலில் ஒரு பல்லைக் கொடுக்க வேண்டும். பால்யமானி என்ற இயந்திரத்தில் அதை வைத்தால், மரத்தின் வளையங்களைப் படிப்பதுபோல் பல்லுக்குள் இருக்கும் கோடுகளை அது படிக்கும். எந்த வயதில் பட்டினி, எந்த வயதில் காய்ச்சல் என்று சொல்லும். இந்த உடம்பு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று நூற்றுக்கு மதிப்பெண்ணும் போடும்.

அதைக் கண்டுபிடித்தவள் டாக்டர் பனிமலர். சிறுவயதில் வாடியவர்களுக்கு நோய் வருமுன்னே வைத்தியம் பார்க்கத்தான் அதைச் செய்தாள். சுகாதார வாரியம் வேறு பயன் கண்டது. ஆய்வகத்தில் வளர்த்த இதயங்கள் குறைவு. அவை நெடுநாள் உழைக்கும் உடம்புக்கே போக வேண்டும். நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு வரிசையில் இடமில்லை என்றாகிவிட்டது. பனிமலர் எதிர்த்து ஒரு கடிதம் எழுதினாள். பிறகு மதிப்பெண் பார்த்து இதயம் ஒதுக்கும் பிரிவுக்கே தலைவியானாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மேசைக்கு வந்த அறிக்கையில் அக்காவின் பெயர் இருந்தது. இசக்கியம்மாள், வயது ஐம்பத்திரண்டு, தூத்துக்குடி. மதிப்பெண் முப்பத்தொன்று. எட்டு வயதிலிருந்து பதினொன்று வரை மூன்று கருத்த கோடுகள்.

அந்த மூன்று வருடங்கள் பனிமலருக்குத் தெரியும். அம்மா செத்தபின் அக்கா உப்பளத்து வேலைக்குப் போனாள். தூக்குச்சட்டியில் கொண்டுவரும் கஞ்சியைத் தங்கைக்கு ஊட்டிவிட்டு, தான் அங்கேயே குடித்துவிட்டதாகச் சொல்வாள்.

பனிமலர் மதிப்பெண்ணைத் திருத்தப் பார்த்தாள். முடியவில்லை. யாரும் கை வைக்க முடியாதபடி அதைப் பூட்டியவளும் அவள்தான்.

அக்கா வார்டில் மூச்சிரைக்கப் படுத்திருந்தாள். பனிமலர் எதையும் மறைக்காமல் சொன்னாள். அக்கா அழவில்லை, கெஞ்சவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்.

"ஒனக்கு அந்த மிஷின் எத்தன போட்டுச்சு?"

இயந்திரத்தைச் சோதிக்கப் பனிமலர் முதலில் வைத்தது தன் பல்லைத்தான்.

"தொண்ணூத்தி நாலுக்கா."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்ப ஒன்ன நல்லாத்தாண்டி வளத்திருக்கேன்," என்றாள். பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னாள்.

பனிமலர் தன் அறைக்குத் திரும்பி, நிராகரிப்பில் கைரேகை வைத்தாள். அன்று மாலையே, கைவசம் இருந்த ஒரே இதயம் எழுபத்தொரு வயதுக்காரர் ஒருவருக்குப் போனது. அவர் சிறுவயதில் மூன்று வேளையும் சாப்பிட்டிருந்தார்.