நாற்பது அளவுகள்

அஞ்சல் கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள்: ஜெசிந்தா கொரேரா, அவளுடைய நாத்தனார் அல்போன்சா, மேசைக்குப் பின்னால் அஞ்சல்காரர் பேச்சிராஜ், சுவர் முழுக்க, போகிற கடிதங்களைச் சலித்துப் பார்க்கும் எந்திரமான சல்லடை. சல்லடை ஆள் இல்லைதான். ஆனால் கூடத்தில் கடைசி வார்த்தை அதனுடையது என்பதால் அதையும் சேர்த்து எண்ணுவது தூத்துக்குடி வழக்கம்.

மின்னஞ்சலோடு வந்த ஒரு நச்சுக் கோப்பைத் திறந்ததில் மூன்று துறைமுகங்கள் ஒரே நாளில் இருண்டுபோன பிறகு, அஞ்சலில் எந்தக் கோப்பும் போகக் கூடாது என்றானது. பெயரை மாற்றினாலும் துண்டு துண்டாக அனுப்பினாலும் சல்லடை கிழித்துப் போடும். எண்களை வரிசையாக எழுதினாலும் கிழிக்கும். மனிதர் மனிதரிடம் பேசுகிற பேச்சு மட்டும் போகும்.

ஜெசிந்தாவின் கணவன் பெலிக்ஸ் ஆழ்கடல் நிலையத்தில் பம்பு பார்க்கிறவன். அவனுடைய செயற்கைக் காலைத் தொடையோடு பொருத்தும் கிண்ணம் உடைந்துவிட்டது. அளவுகள் கிடைத்தால் அங்கேயே முப்பரிமாண அச்சில் வார்த்துக்கொள்வான். வெள்ளிக்கிழமைக்குள் எழுந்து நிற்காவிட்டால் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வேலை திரும்பக் கிடைக்காது. கிண்ணத்தின் நாற்பது சுற்றளவுகளும் ஜெசிந்தாவின் கையில் இருந்தன.

கடலோடிக் குடும்பங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. எண்களை ஊர்ச் சேதிக்குள் நுழைத்து எழுதுவார்கள். அந்தப் பக்கம் எண்களை மட்டும் வரிசையாகப் பொறுக்கிக்கொள்வார்கள்.

“தக்காளி இருபத்தாறு, கத்திரிக்கா இருபத்தேழுன்னு போடுங்க மைனி” என்றாள் அல்போன்சா.

போட்டாள். சல்லடை சிவந்தது.

பேச்சிராஜ் சிரித்தார். “இது கடுதாசியாம்மா? காய்கறிக் கடைப் பலகை. புருசன்கிட்ட இப்படித்தான் பேசுவியா?”

“எங்க அண்ணன்கிட்ட மைனி பேசுததே ஏச்சுதான் அண்ணாச்சி.”

“அப்ப ஏசிக்கிட்டே எழுதட்டும். சல்லடைக்கு ஆள் குரல் கேக்கணும், அவ்வளவுதான்.”

ஜெசிந்தா ஏசினாள். ‘இருபத்தாறு தடவை சொல்லியும் மோட்டாரைப் பார்க்காமல் போனாய். உன் சித்தப்பா கல்யாண வீட்டில் இருபத்தேழு பரோட்டா தின்றார், நீயும் அந்த வம்சம்தானே.’ கை தன்போக்கில் ஓடியது. சல்லடை பச்சையானது, கடிதம் போனது.

அல்போன்சா நகலை எண்ணிப் பார்த்தாள். “மைனி, நாப்பத்தொண்ணு இருக்கு.”

அளவுப் பட்டியலில் இல்லாத வரி ஒன்று நடுவில் கிடந்தது: ‘முப்பத்தொரு நாளாக உன் தட்டையும் சேர்த்துக் கழுவி வைக்கிறேன்.’

“ஒரு வளையம் கூடிருச்சே. கிண்ணம் பொருந்தாதே!” என்றாள் ஜெசிந்தா. திருத்தி அனுப்பவும் வழியில்லை. நிலையத்துக்கு ஒரு குடும்பத்திலிருந்து வாரம் ஒரு கடிதம்தான்.

அடுத்த வாரம் பெலிக்ஸின் பதில் வந்திருந்தது. ஜெசிந்தா நின்றபடியே படித்தாள்.

‘வியாழக்கிழமையே நின்னுட்டேன். நாப்பத்தொண்ணு வந்ததும் பயந்துட்டேன். நாலு தடவை வாசிச்சேன். நான் கீழ இறங்கி அன்னைக்கு முப்பத்தொரு நாள். அதை எடுத்துட்டு வார்த்தேன், கச்சிதம். சித்தப்பா பரோட்டாவை நான் நம்பல. தட்டை எடுத்து உள்ள வச்சிராத.’

“அடுத்து என்ன அளவு அனுப்பணும் மைனி?” என்றாள் அல்போன்சா.

“ஒண்ணுமில்ல.”

“அளவில்லாம எதுக்குக் கடுதாசி?”

ஜெசிந்தா பேச்சிராஜிடம் கூடத்துக் கோடியிலிருந்த தனி அறையின் சாவியைக் கேட்டாள்.

“இங்கனயே எழுதேன்ம்மா, மேசை சும்மாதான கெடக்கு.”

“நீங்க ரெண்டு பேரும் எட்டிப் பாப்பீங்க.”

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.