நண்டுத்திட்டுக்கு வடக்கே

"அசல் அறிவிப்பைக் காட்டுங்க சார்."

கரைக்குரல் நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாளே வள்ளிக்கண்ணுவிடம் சொல்லிவிட்டார்கள். குரல் கொடுக்க வந்தவள் குரலை மட்டும் கொடுக்க வேண்டும். அசல் எங்கே என்று ஒருநாளும் கேட்கக் கூடாது. இத்தனை நாளும் அவள் கேட்கவில்லை. இன்றைக்குக் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே நுழைந்து, முதலாளி ரத்தினவேலின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டாள்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் பஸ்ஸும் பூக்கடையும் தெரியும். கடல் தெரியாது. ஆனாலும் கடற்கரை நெடுக மீனவர்கள் போனில் கேட்பது அந்த மாடியில் பதிவான குரலைத்தான். எந்தக் கலங்கரை விளக்கம் பழுதாகி அணைந்திருக்கிறது, எதன் ஒளி மாறியிருக்கிறது, எந்த மிதவை சங்கிலி அறுந்து போய்விட்டது, எங்கே எது மூழ்கிக் கிடக்கிறது என்றெல்லாம் கடல் துறையினர் ஆங்கிலத்தில் வெளியிடுவார்கள். அதை ஸ்ரீரங்கத்து மாதவன் தமிழில் எழுதுவார். வள்ளிக்கண்ணு வாசிப்பாள்.

ரத்தினவேல் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எதிர் நாற்காலியில் சாம்பல் நிறப் புடவையைத் தலையோடு போர்த்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பெயர் நசீரா. தூத்துக்குடியில் கப்பல் காப்பீட்டு விசாரணையில் பல காலம் இருந்துவிட்டு, இப்போது பாலக்கரையில் சொந்தமாகத் துப்பறியும் வேலை செய்பவர். நண்டுத்திட்டு விபத்தில் நிறுவனத்தின் மேல் தவறில்லை என்று ஓர் அறிக்கை வாங்கத்தான் ரத்தினவேல் அவரை வரவழைத்திருந்தார்.

"உங்க வீட்டுலயே முதல் டிகிரி நீதான். முதல் சம்பளம் நான் குடுத்தது. அத மறந்துட்டுப் பேசாத" என்றார் ரத்தினவேல்.

"சம்பளம் குரலுக்குக் குடுத்தீங்க சார். வாய மூடறதுக்கு இல்ல."

நசீரா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா. என்ன நடந்ததுன்னு நீ சொல்லு. அவர் சொன்னதக் கேட்டுட்டேன்" என்றார்.

வள்ளிக்கண்ணு நின்றபடியே சொன்னாள். நண்டுத்திட்டு என்பது கரையிலிருந்து தள்ளி நிற்கும் ஒரு சின்னத் தீவு. அதன் உச்சியில் ஒரு விளக்கு. போன வாரம் அதற்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றும் தட்டைப் படகு ஒன்று, பார்ஜ் என்பார்களே அது, மூழ்கிவிட்டது. விளக்குக்கு வடக்கே ஒரு மைலில் பார்ஜ் கிடக்கிறது, தெற்கு வழியாகப் போங்கள் என்று இவள் குரலில் எச்சரிக்கை போயிற்று. விடியும் முன் தெற்கு வழியாகப் போன ஒரு ஃபைபர் படகு அதே பார்ஜில் மோதிப் பிளந்தது. பிச்சமுத்து என்பவர் செத்துப்போனார். கூட இருந்த பெஞ்சமின் கால் நசுங்கி, இந்த ஊரிலேயே புத்தூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"காலைல அவரப் பார்க்கப் போயிருந்தேன். எந்தக் கட்டில்னு நர்ஸ் கிட்ட கேட்டேன். என் குரலக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார். யாருன்னு கேக்கல. 'நீ சொன்ன மாதிரிதாம்மா தெக்கால போனோம்'னு மட்டும் சொன்னார்."

மேலும் சொன்னாள். மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. இதுவரை சின்னப் படகுகள் மட்டும்தான் கடலில் இருந்தன. நள்ளிரவு தாண்டினால் விசைப்படகுகள் அத்தனையும் இறங்கும். அந்தப் பழைய எச்சரிக்கை இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

"தப்பா இருந்தாத்தான மாத்தணும்?" என்ற ரத்தினவேல், இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நசீராவிடம் நீட்டினார். "இவ கேட்ட அசல் இதுதான். ரோந்துக் கப்பல் ரேடியோவில சொன்னது. நீங்களே படிச்சுக் காட்டுங்க."

நசீரா படித்தார். "மூழ்கிய பார்ஜ். நண்டுத்திட்டு விளக்கின் திசை வடக்கு. தூரம் ஒரு மைல்."

வள்ளிக்கண்ணுவுக்குக் காற்றுப் போன மாதிரி ஆகிவிட்டது. அசலிலும் வடக்கு. அவள் வாசித்ததும் வடக்கு. அப்படியென்றால் அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பொய் சொன்னாரா?

"இருட்டுல திசை தெரியாம வடக்கால போயிட்டு, இப்ப பழிய நம்ம மேல போடறாங்க" என்றார் ரத்தினவேல்.

நசீரா எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கடல் வரைபடத்துக்குப் போனார். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. நண்டுத்திட்டுக்கு வடக்கே இருந்த ஊசியின் தலையை விரலால் தொட்டார். மற்ற ஊசிகள் இறுக்கமாக நிற்க, அது மட்டும் ஆடியது. பிறகு குனிந்து, திட்டுக்குத் தெற்கே எதையோ உற்றுப் பார்த்தார்.

"இதுல யார் ஊசி குத்துவாங்க?"

"மாதவன் முதல்ல குத்துவார். குத்தினதுக்கு அப்புறம் என் ரூம்ல இருக்கறத என்னைத் தவிர யாரும் தொட மாட்டாங்க."

"மாதவன் எங்க?"

விபத்து நடந்த மறுநாளிலிருந்து காய்ச்சல் என்று அவர் வேலைக்கு வரவில்லை. நசீரா போன் போட்டு வழி கேட்டார். ஸ்பீக்கரில் மாதவனின் குரல் தளர்ந்து வந்தது. "தெற்கு ராஜகோபுரம் தாண்டி உள்ள வாங்கோ. எங்க ஆம் வடக்குச் சித்திரை வீதில. கிழக்கு மூலையிலேர்ந்து நாலாவது வீடு."

தன் காரிலேயே போகலாம் என்றார் ரத்தினவேல். விசாரணை முடியும்வரை யார் காரிலும் ஏறுவதில்லை என்று நசீரா சொல்லிவிட்டார். ரத்தினவேல் காரில் பின்னால் வர, இவர்கள் இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள்.

வள்ளிக்கண்ணுவால் சும்மா இருக்க முடியவில்லை. மாதவன் காசு வாங்கிக்கொண்டு மாற்றியிருப்பாரோ, ரேடியோவில் சொன்னவனே உளறியிருப்பானோ, பார்ஜ் நீரோட்டத்தில் நகர்ந்துவிட்டதோ என்று வரிசையாக அடுக்கினாள்.

"மணல்ல புதைஞ்ச பார்ஜ் ஒரு வாரத்துல ரெண்டு மைல் நடக்காது. ரோந்துக் கப்பல்காரன் அத நேர்ல பார்த்துட்டு நின்னுக்கிட்டுதான் சொன்னான்" என்றார் நசீரா.

"அப்ப பெஞ்சமின் பொய் சொல்றாரா?"

"இல்ல."

"ரெண்டு பேரும் எப்படி மேடம் சரியா இருக்க முடியும்?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. சாயங்கால வெயில் இடப்பக்க ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. எதிரே ராஜகோபுரம் மெல்ல உயர்ந்துகொண்டு வந்தது. நசீரா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கத்தா கிட்ட வீட்டுக்கு வழி கேட்டா, பள்ளிவாசலுக்கு இந்தப் பக்கம்னு சொல்லுவாங்க. நாம எங்க நிக்கறோம்னு கேக்கவே மாட்டாங்க" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வள்ளிக்கண்ணுவுக்கு எரிச்சலாக வந்தது.

மாதவன் அவர்களை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். முகத்தில் நாலைந்து நாள் தாடி. கையைத் தொட்டால் காய்ச்சல் எதுவும் இல்லை. ரத்தினவேலும் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். கோயிலுக்கு அந்தப் பக்கம், எல்லாக் கூரைகளுக்கும் மேலே ராஜகோபுரம் நின்றது.

நசீரா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைக் கைப்பிடிச்சுவரில் வைத்தார்.

"மாதவன் சார், ஒருத்தர் பாலத்துலேர்ந்து இறங்கி மாம்பழச்சாலையில நின்னு இந்த ராஜகோபுரத்தைப் பார்க்கறார். அவருக்கு அது எந்தப் பக்கம்?"

"அது தெற்கு கோபுரமாச்சே" என்றார் மாதவன் உடனே.

"பேரக் கேக்கல. அவருக்கு எந்தப் பக்கம்?"

பதில் சொன்னது வள்ளிக்கண்ணு. பஸ்ஸில் இடப்பக்கம் அடித்த வெயில் இன்னும் அவள் கன்னத்தில் இருந்தது. வெயில் மேற்கே, கோபுரம் எதிரே. "வடக்கே" என்றாள்.

நசீரா நிதானமாக விளக்கினார். இந்த ஊரில் திசைக்குப் பெருமாள்தான் நடு. அவர் இருக்கும் இடத்திலிருந்து எண்ணித்தான் தெற்கு கோபுரம், வடக்கு வீதி, கிழக்கு வாசல். இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு வேறு மாதிரி யோசிக்கவே தோன்றாது. விளக்கின் திசை வடக்கு என்று படித்ததும், மாதவன் விளக்கை நடுவில் வைத்து, பார்ஜை அதற்கு வடக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

"கப்பல்காரங்க வழக்கம் அது இல்ல. அவங்க விளக்கோட திசைன்னு சொன்னா, கடல்ல நின்னு விளக்கைப் பார்க்கற திசை. ரோந்துக்காரன் பார்ஜ் பக்கத்துல நின்னான், விளக்கு அவனுக்கு வடக்கே தெரிஞ்சுது. அப்ப பார்ஜ் விளக்குக்கு எங்க இருக்கு?"

"தெற்கே" என்றாள் வள்ளிக்கண்ணு.

"கடல்ல கோயில் நடுவுல இல்லம்மா. படகுல இருக்கறவன்தான் நடு."

வழக்கமாக இடம் எண்களாகவே வரும், இப்படித் திசையாக வந்தது இதுதான் முதல் தடவை என்று மாதவன் முணுமுணுத்தார். நசீரா தலையசைத்தார். "அதனாலதான் இத்தன நாள் தப்பிச்சீங்க. அது தெரியாம செஞ்ச தப்பு. தெரிஞ்சு செஞ்சது ஒண்ணு இருக்கு."

வரைபடத்தில் திட்டுக்குத் தெற்கே ஒரு மைலில் ஊசி குத்திய துளை ஒன்று வெறுமையாக இருக்கிறது என்றார் அவர். வடக்கே இருக்கும் துளையோ ஒரு தடவை குத்தியதைப் போல இல்லை. பிடுங்கி மறுபடி குத்தியதால் தளர்ந்து ஊசி ஆடுகிறது. முதலில் வடக்கு, பிறகு தெற்கு, மறுபடி வடக்கு. விபத்துக்குப் பிறகு அந்த அறையில் யாரோ ஒருவருக்கு உண்மை தெரிந்து ஊசியைச் சரியான இடத்துக்கு மாற்றியிருக்கிறார். யாரோ ஒருவர் அதைத் திரும்பப் பொய்யான இடத்துக்கே கொண்டுபோயிருக்கிறார்.

"என்னைத் தவிர யாரும் தொட மாட்டாங்கன்னு நீங்களே சொன்னீங்க ரத்தினவேல் சார்."

மாதவன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "விபத்து நடந்த அன்னிக்கே அசலத் திரும்பப் படிச்சதும் தெரிஞ்சுடுத்து. ஆபீசுக்கு ஓடி வந்து ஊசிய மாத்திக் குத்தி இவர்கிட்ட காட்டினேன். உடனே எச்சரிக்கையத் திருத்தணும்னேன். வாயத் திறந்தா ஜெயிலுக்குப் போறவன் நீதான்னார். நான் ஆத்துக்கு வந்து படுத்துண்டுட்டேன்."

ரத்தினவேல் மறுக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார். இன்று திருத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அறிக்கை வரட்டும், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம், அடுத்த வாரம் ஓசைப்படாமல் மாற்றிவிடலாம். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. கம்பெனியை நம்பி இத்தனை குடும்பம் இருக்கிறது.

"என் அறிக்கையில பார்த்ததத்தான் எழுதுவேன். அது உங்களுக்கு உதவாது" என்றார் நசீரா.

வள்ளிக்கண்ணு அவர் பக்கம் திரும்பினாள். கோபம் இப்போது அவர் மேலும் இருந்தது. "மேடம், அசலப் பார்த்த உடனே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. அங்கயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா மொழிபெயர்ப்புத் தப்புன்னு சொல்லி இவர் மாதவன் தலைல கட்டிட்டுப் போயிருப்பார். மறைச்சது வெளிய வந்திருக்காது" என்றார் நசீரா. "ஆனா நீ கேக்கறது நியாயம்தான். இருட்டறதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டேன்."

அறிக்கை எப்போது யார் கைக்குப் போகும் என்று வள்ளிக்கண்ணு கேட்டாள். நாளை காலை, எவ்வளவு விரட்டினாலும் நாளை காலை என்றார் நசீரா. நள்ளிரவில் படகுகள் இறங்கும். தெற்கு வழி நல்ல வழி என்று அவள் குரல் ஒவ்வொரு படகிலும் சொல்லும்.

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பெஞ்சமினுக்குப் போன் போட்டாள். "அண்ணே, உங்க ஊர்க் குரூப், பக்கத்து ஊர்க் குரூப், படகுச் சங்கம், எல்லாத்துக்கும் ஒரு ஆடியோ அனுப்பறேன். படுத்துக்கிட்டே தள்ளி விட முடியுமா?"

அனுப்பும்மா, கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் அவர்.

"கீழ இறங்கினா உனக்கு வேலை இல்ல. குரல் கம்பெனிக்குச் சொந்தம். பேரச் சொல்லிப் பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்க" என்றார் ரத்தினவேல்.

அவள் ஏற்கனவே படியில் இருந்தாள். பின்னால் நசீராவின் செருப்புச் சத்தம் கேட்டது; அவள் காத்திருக்கவில்லை. வாசலைத் தாண்டி வீதியில் இறங்கியபோது போனை வாயருகே பிடித்திருந்தாள். பூ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, ஒவ்வொரு சொல்லாக, எச்சரிக்கை வாசிக்கும் அதே நிதானத்தில் பேசினாள்.

"நான் வள்ளிக்கண்ணு பேசறேன். நண்டுத்திட்டப் பத்தி இதுவரைக்கும் நான் சொன்னது தப்பு. அந்தத் தப்பால பிச்சமுத்து செத்துப்போனார். விளக்கு உங்களுக்கு நேர் வடக்கே தெரிஞ்சா, பார்ஜ் கிடக்கற பக்கம் இருக்கீங்க. தெக்கு வழி போகாதீங்க."

பெருவிரலை எடுத்தாள். ஆடியோ போய்விட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் மூலை திரும்பி, ஊர் தெற்கு என்று கூப்பிடும் கோபுரத்தை நோக்கி நடந்தாள்.