சுவரோரத்து ஒரு சாண் இடைவெளி

மாலை நாலு மணிக்குப் பரிசோதகர் கைப்பையோடு ஆறாம் அறைக்குள் நுழைந்தபோது, அங்கே படுத்திருந்த லாரி டிரைவரின் தலையணையை நர்ஸ் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“மறுபடியும் கண்ணாடியா? நீங்க காட்டற காட்டுக்கு இவரு மாப்பிள்ளையாவே ஆயிடுவாரு போங்க!”

பரிசோதகர் சிரித்தாள். அந்தக் கட்டடத்தில் அவளோடு வாயாடுகிற ஒரே ஜீவன் இந்த நர்ஸ்தான். நர்ஸும் அடுத்த அறைக்குப் போய்விட்டால் பேச ஆளில்லை. மற்றவர்கள் எல்லாம் தலையில் அடிபட்டு, கண் திறந்தும் நினைவு திரும்பாமல் கிடப்பவர்கள். அவர்கள் முகத்தருகே கைக்கண்ணாடியைப் பிடித்து மெல்ல நகர்த்தி, கண் அதன் பின்னாலேயே போகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இரண்டு முறை விடாமல் போனால், உள்ளே ஆள் விழித்திருக்கிறார் என்று எழுதலாம். போகாவிட்டால் பூஜ்யம்.

லாரி டிரைவர் ஏற்கெனவே இரண்டு பூஜ்யம் வாங்கியிருந்தார். இன்றும் அதேதான் என்றால் பயிற்சியெல்லாம் நின்றுவிடும். குழாயில் கஞ்சி ஊற்றிப் போட்டுவைக்கிற வேறொரு இடத்துக்கு நாளைக்கே வண்டி ஏற்றிவிடுவார்கள்.

கட்டிலின் கால்மாட்டில் அவருடைய தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, இன்னைக்கு எப்படியாவது...”

“என் கையில என்னம்மா இருக்கு? உங்க அண்ணன் பாக்கணும்.”

கட்டிலின் வலது பக்கம் சுவர். நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஸ்ட்ரெச்சர் வந்துபோகக் கதவு முழுசாகத் திறக்க வேண்டுமே என்று கட்டிலை அப்படி ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். டாக்டர், நர்ஸ், தங்கை, எல்லோரும் நிற்பது இடது பக்கம்தான். பரிசோதகரும் வழக்கம்போல அங்கேயே நின்று, கம்பித் தடுப்புக்கு மேலே கையை நீட்டிக் கண்ணாடியைக் காட்டினாள்.

கண் அசையவில்லை.

இன்னொரு முறை. அசையவில்லை.

பேனாவை எடுத்தாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது டிரைவரின் கண்கள் நகர்ந்தன.

கண்ணாடியை நோக்கி அல்ல, சுவரை நோக்கி. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நிதானமாகப் போயின. கொஞ்சம் நின்றன. பிறகு அதே நிதானத்தோடு திரும்பி வந்தன. அந்த ஒரு சாண் இடைவெளியில் யாரோ நடைபோடுவது போலிருந்தது.

“அடிக்கடி இப்படித்தான்க்கா. சுவத்தப் பாக்கறாருன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். சுவத்துல என்னம்மா இருக்குன்னுட்டாரு.”

பரிசோதகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூளையில் அடிபட்டவர்களில் சிலருக்குக் கண்ணில் குறை இருக்காது, ஆனால் பார்வையில் ஒரு பாதி அப்படியே அவிந்துபோயிருக்கும். படித்த பாடம்தான். அடிப்பாவி, குருட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணாடி காட்டியிருக்கிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“பிடிம்மா அந்தப் பக்கம். கட்டில இழுப்போம்.”

சக்கரங்கள் கிறீச்சிட்டன. சுவரோரம் ஆள் நிற்க இடம் கிடைத்தது. அவள் உள்ளே நுழைந்தாள். அங்கே மட்டும் ஈரத்துணியைப் போர்த்தியது போலக் குளிர்ந்தது. லேசாகச் சாக்பீஸ் தூள் வாசனை அடித்தது.

வலது பக்கமிருந்து கண்ணாடியைக் காட்டினாள்.

டிரைவரின் கண்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டன. மேலே போனால் மேலே, கீழே வந்தால் கீழே. இரண்டாவது முறையும் அப்படியே.

“அண்ணா!” என்று தங்கை அலறிவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, அம்மாவுக்குப் போன் செய்ய வராந்தாவுக்கு ஓடினாள்.

பரிசோதகர் தாளில் எழுதினாள்: ‘பின்தொடர்கிறார்.’ சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு கேள்வி அரித்தது.

இவ்வளவு நேரம் அவர் எதைப் பின்தொடர்ந்தார்?

சாக்பீஸ் வாசனை கூடியது.

இதே கட்டிலில் டிரைவருக்கு முன்னால் ஒன்றரை வருஷம் கிடந்தவர் ஒரு டீச்சர். பார்க்க ஒரு ஈ, காக்கை வந்ததில்லை. அவருக்கு மூன்று பூஜ்யம் போட்டவள் இவள்தான், அதே இடது பக்கம் நின்று. டீச்சர் எப்போதும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். இவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டிய நாளன்று காலையிலேயே டீச்சர் இறந்துபோனார்.

டிரைவரின் கண்கள் இப்போது கண்ணாடியில் இல்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் நிலைத்திருந்தன.

அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

“டீச்சர்?”

வராந்தாவில் தங்கை போனில் விசும்பிக்கொண்டிருந்தாள்.

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் ஓடினால் இது டீச்சருக்கு நாலாவது பூஜ்யம் ஆகிவிடும். அவள் மெல்லத் திரும்பினாள். வெறும் சுவர். அதன் முன்னே, ஒரு முகம் இருந்தால் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில், கண்ணாடியைப் பிடித்தாள்.

கண்ணாடியின் நடுவில் ஆவி படிந்தது.

ஒரு மூச்சளவு. மங்கி மறைவதற்குள் இன்னொரு மூச்சு.

வலப்புறம் நகர்த்தினாள். ஆவி நடுவிலேயே நின்றது, புதிதுபுதிதாக. இடப்புறம் கொண்டுபோனாள். கூடவே வந்தது.

“இன்னொரு தடவை டீச்சர்,” என்றாள் கிசுகிசுப்பாக. “ரெண்டு தடவை பாத்தாதான் கணக்கு.”

இரண்டாவது முறையும் வந்தது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “இருந்திருக்கீங்க. அத்தனை நாளும் இருந்திருக்கீங்க. நான்தான் இந்தப் பக்கம் வரவே இல்ல. மன்னிச்சிருங்க டீச்சர்.”

இன்னொரு தாளில் டீச்சரின் பெயரை எழுதி, அதன் கீழே ‘பின்தொடர்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதை வாங்கிக் கோப்பில் வைக்க யாரும் இல்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். டிரைவரின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஓரடி பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு, ஒற்றைக் கட்டில். அவளைத் தேடியும் யாரும் வந்து வருஷக்கணக்காகிறது. இடத்தை அடைக்காமல் இருக்கட்டுமென்று கட்டிலை அவளேதான் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள், குடிவந்த நாளிலிருந்து.

விளக்கைப் போட்டாள்.

கட்டில் சுவரைவிட்டு விலகி நின்றது. நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்.

அவள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலைத் திரும்பத் தள்ளிப் போடவில்லை.