எல்முரோத் டாக்டரைக் கடித்தது யார்?

புதன்கிழமை காலை ஹைதராலி ஒரு தக்காளி வியாபாரியின் தராசைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹோசியத் அக்கா அழுதுகொண்டே வந்து சேர்ந்தார். அவர் அழுததில் தக்காளி வியாபாரிக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஹைதராலி எங்கள் மர்கிலான் சந்தையின் எடை அளவு ஆய்வாளர். தட்டின் மேல் ஒருவன் கை வைத்திருந்தால் அந்தக் கையின் எடை எத்தனை கிராம் என்று பார்த்தே சொல்லிவிடுவார். இருபது வருடம் இதையே செய்ததில், பொய்யின் எடையும் அவருக்குப் பழகிவிட்டது. அதனால் தராசுக்குச் சம்பந்தமில்லாத வழக்குகளும் அவரிடம் வரும். கூடவே தவ்ரோன் இருப்பான். சின்ன வேன் ஓட்டுகிறவன், நாற்பது வயது, பெரிய தொப்பை. உலகத்தில் நடக்கும் எந்தக் குற்றத்தையும் யாருடைய மச்சானாவதுதான் செய்திருப்பான் என்பது அவனுடைய கொள்கை.

"அண்ணே, நாளைக்குப் பத்து மணிக்கு ஒலாபரைக் கொன்னுடுவாங்க," என்றார் ஹோசியத் அக்கா.

"யாரு, உங்க மச்சானா?" என்றான் தவ்ரோன்.

"ஒலாபர் என் நாய்ப்பா."

"நாயைக் கேக்கலக்கா. கொல்றவரைக் கேட்டேன்."

ஹைதராலி தராசை மெதுவாகக் கீழே வைத்தார். "தேநீர் குடிச்சுக்கிட்டே சொல்லு, ஹோசியத். முதல்ல இருந்து சொல்லு."

ஹோசியத் அக்கா கல்யாண வீடுகளுக்குத் தட்டும் கிண்ணமும் வாடகைக்கு விடுகிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் கொரியாவில் கப்பலுக்கு வர்ணம் அடிக்கிறான். வீட்டில் அவரும் நானூறு கிண்ணங்களும் ஒலாபரும்தான். போன குளிர்காலத்தில் அடுப்பு அணைந்து வாயு கசிந்தபோது, போர்வையைப் பல்லால் இழுத்து அவரை எழுப்பியது ஒலாபர். அன்றிலிருந்து அக்கா அந்த நாய்க்கு நன்றி சொல்லாத நாள் கிடையாது. நாய்க்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும் அளவுக்குச் சொல்வார்.

"ரெண்டு மாசம் முன்னாடி சங்கிலியைக் கடிச்சு, இடது பக்க மேல் கோரைப்பல் ஈறு மட்டத்துக்கு ஒடைஞ்சு போச்சுண்ணே. வேர் உள்ள அழுகி வாயெல்லாம் வீக்கம். திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு எல்முரோத் டாக்டர் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். மரியாதையே தெரியாத ஆளு. நான் ஸலாம் சொல்றேன், அந்த ஆளு இடது கையை நெஞ்சுல வைக்கிறாரு. நாய்க்கயித்தையும் இடது கையால வாங்குறாரு. வலது கை கோட்டுப் பைக்குள்ள. பெரிய ஜெனரல்னு நெனப்பு."

"சரி. அப்புறம்?"

"மத்தியானம் போனா, நாய் நிக்க முடியாம சாயுது. தொட்டா கத்துது. கேட்டா, 'மயக்கம் தெளியலை'ங்கிறாரு. நேரா ஃபெர்கானாவுக்குத் தூக்கிட்டுப் போய் வேற டாக்டர்கிட்ட படம் எடுத்தேன். விலா எலும்பு ஒடைஞ்சிருக்கு."

"அன்னிக்கே எடுத்தியா?"

"அன்னிக்கே."

"நல்ல காரியம் பண்ணினே," என்றார் ஹைதராலி. அவர் வாயிலிருந்து இவ்வளவு பெரிய பாராட்டு வந்து நாங்கள் கேட்டதில்லை.

"திரும்பி வந்து புகார் குடுப்பேன்னு சத்தம் போட்டேன். மறுநாள் மாவட்டக் கால்நடை நிலையத்துலேர்ந்து ரெண்டு பேரு வந்து ஒலாபரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஒம்பதரைக்கு வாயைத் தொறந்தப்போ அது டாக்டரைக் கடிச்சிடுச்சாம். உதறித் தள்ளினதுல எலும்பு ஒடைஞ்சுதாம். வெறி புடிச்ச குணமாம், கருணைக்கொலை பண்ணணுமாம். நாளைக்குக் கூட்டம்."

கூட்ட அறிவிப்போடு வந்ததாக அவர் நீட்டிய காகிதங்களை ஹைதராலி இரண்டு முறை படித்தார். ஒன்று டாக்டரின் சிகிச்சை அட்டை: 'மேல் இடது கோரைப்பல், முழுமையானது, சீழ் பிடித்தது, அகற்றப்பட்டது.' இன்னொன்று பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் கொடுத்த சீட்டு: 'வலது உள்ளங்கையில் நாய்க்கடி. நான்கு கோரைப்பற்களின் ஆழமான துளைகள்.'

தவ்ரோன் எழுந்தே நின்றுவிட்டான். "முடிஞ்சுதுண்ணே. மூணு பல்லு நாய் எப்படி நாலு ஓட்டை போடும்?"

"அது மூணு பல்லு நாய்னு யாருக்குத் தெரியும்? அவர் முழுப் பல்லைப் பிடுங்கினேன்னு எழுதியிருக்காரு. பிடுங்கின பிறகு ஈறு ஈறுதான். பிடுங்கினது எங்கே, ஹோசியத்?"

"கேட்டேன். குப்பையில போட்டாச்சுன்னாரு."

"ஒடைஞ்சிருந்ததை வேற யார் பார்த்தது?"

"நான் பார்த்தேன். ஒலாபருக்குத் தெரியும்."

"டாக்டருக்கு ரெண்டு பேருமே எதிர்த்தரப்பு," என்றார் ஹைதராலி.

"கை அளவை எடுத்து நாய் வாயோட பொருத்திப் பார்த்தா?" தவ்ரோன் விடவில்லை.

"வீங்கின கையில அளவு நிக்காதுப்பா. கையில இல்லாம கல்லுல கடிச்சிருந்தா எனக்கு வசதி. வா, வீட்டைப் பார்ப்போம்."

ஹோசியத் அக்காவின் வீட்டில் கிண்ண அடுக்குகளுக்கு நடுவே உட்கார ஓர் இடம் கண்டுபிடித்தார்கள். எதிர்ச் சுவரில் ஓர் ஆணியில் மகனுடைய ரொட்டி தொங்கியது. ஊரைவிட்டுப் போகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மீதி, அவன் திரும்பி வந்து தின்னும்வரை சுவரில் காத்திருக்கும். மூன்று வருடம் காத்திருந்து அந்த ரொட்டி ஓடு மாதிரி ஆகியிருந்தது. பக்கத்திலேயே இன்னோர் ஆணியில் ஒரு பூவேலைத் துணி, கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் வயிறு தள்ளிக்கொண்டு தொங்கியது. அக்கா அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டில் எத்தனையோ இடம் இருந்தது.

ஹைதராலி தேநீரை ஆற்றிக் குடித்தார்.

"உனக்கு ஒரே பையன்தானே, ஹோசியத்?"

"ஒரே பையன்தான்."

"ரெண்டு ஆணி இருக்கே."

அக்காவின் முகம் செக்கச் சிவந்துவிட்டது. தவ்ரோன் ஒரு பெரிய குடும்ப ரகசியத்துக்குத் தயாராகி, கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"திட்டாதீங்கண்ணே," என்றார் அக்கா. "மயக்க ஊசி போடுவாங்க, எழுந்திரிக்குமோ என்னமோன்னு பயம். பையனைக் கடிக்கவிட்டு அனுப்பினேன், நல்லாத்தானே இருக்கான். அதான் இதையும்... வெறும் வயித்துல கொண்டு வரச் சொன்னாங்களா, கடிக்க மட்டும் விட்டேன். வலிச்சுது போல, ஒரு அழுத்து அழுத்திட்டு விட்டுடுச்சு."

துணியை விலக்கினார். புது ரொட்டி, மூன்று நாளில் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அதன் ஓரத்தில் கீழே இரண்டு துளை. மேலே ஒரே ஒரு துளை. இன்னொன்று இருக்கவேண்டிய இடத்தில் தந்தூர் அடுப்பில் வெந்த மினுமினுப்பு அப்படியே கலையாமல் இருந்தது.

ஹைதராலி எழுந்து நின்று அதைப் பார்த்தார். "எப்போ?"

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு. போன்ல படம் புடிச்சுப் பையனுக்கு அனுப்பினேன். 'தம்பியும் கிளம்பிட்டான்'னு."

"படத்துல நேரம் இருக்கும். ரொட்டியில பல்லு இருக்கு. நாளைக்கு ரெண்டையும் கொண்டு வந்துடு."

அக்காவின் பார்வை கிண்ண அடுக்குகளின் மேல் போனது.

"அண்ணே, ரொட்டியில நாய் வாய் வெச்சதைச் சுவத்துல மாட்டினவ வீட்டுத் தட்டுல இந்த ஊர்ல யாரு சாப்பிடுவா? கூட்டத்துல நம்ம குடியிருப்போட மஹல்லாத் தலைவர் இருப்பாரு. சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சிடும். நான் வேற என்ன பண்ணிப் பொழைக்கிறது?"

"அது உண்மை," என்றார் ஹைதராலி. "நான் சொல்லி நீ கொண்டு வரக்கூடாது. யோசிச்சுக்க."

மறுநாள் பத்து மணி. நிலையத்தின் கூட்ட அறையில் தலைமை மருத்துவர் ரோபியா, மஹல்லாத் தலைவர் தொஷ்மத், கையில் பூசணிக்காய் அளவுக்குக் கட்டோடு எல்முரோத் டாக்டர், அவருடைய உதவியாளர் பர்னோ என்ற பெண். பர்னோ தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூலையில் கூண்டுக்குள் ஒலாபர். எலும்பு உடைந்த நிலையிலும் வந்தவர் எல்லோருக்கும் வால் ஆட்டியது. டாக்டர் உள்ளே வந்தபோது மட்டும் நிறுத்தியது.

ஹைதராலி அனுமதி கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "டாக்டர், கடிச்சது எத்தனை மணிக்கு?"

"ஒம்பதரை. எழுதியிருக்கேனே."

"நாலு பல்லும் இறங்கிச்சு?"

"கையைப் பாருங்க. நான் இந்தத் தொழில்ல பதினாறு வருஷம் இருக்கேன், இப்படி ஒரு மிருகத்தைப் பார்த்ததில்லை." மிருகம் கூண்டுக் கம்பி வழியாகத் தவ்ரோனின் ஷூவை நக்கிக்கொண்டிருந்தது.

"ஒம்பது மணிக்கு ஹோசியத் வந்தப்போ உங்க கை நல்லா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்போ ஏன் இடது கையை நெஞ்சுல வெச்சு ஸலாம் வாங்கினீங்க? நம்ம ஊர்ல ரெண்டு கையிலயும் தர்பூசணி வெச்சிருக்கறவன்கூட ஒண்ணைக் கீழ வெச்சுட்டு வலது கையைத்தான் நெஞ்சுக்குக் கொண்டு போவான். வேகமா ஓடறவனும் அப்படித்தான். உங்களுக்கு மரியாதை தெரியாதுன்னு இவங்க நெனச்சாங்க. நான் அப்படி நெனக்கலை. உங்க வலது கை பைக்குள்ள ஏற்கனவே வலிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு நெனச்சேன்."

தொஷ்மத் தாடியைத் தடவினார். "இடது கையிலயா ஸலாம் வாங்கினீங்க?"

"அவசரத்துல ஏதோ பண்ணியிருப்பேன்," என்றார் டாக்டர். "இடது கைன்னு இந்த அம்மாதானே சொல்லுது? நாய் கடிக்கலேன்னு அத்தாட்சி இருந்தா காட்டுங்க. கதை வேண்டாம்."

ஹைதராலி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோசியத் அக்கா எழுந்தார். பையிலிருந்து பூவேலைத் துணியை எடுத்து மேசையில் வைத்து, பிரித்தார். நடந்ததைச் சொன்னார். மஹல்லாத் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னார். முடித்ததும், "நான் பண்ணினது தப்புன்னா என்னைத் திட்டுங்க," என்றார். "அது எனக்கு உயிர் குடுத்த நாய். அதுக்கு நான் குடுக்க என்கிட்ட வேற எதுவும் இல்லை."

டாக்டர் ரோபியா அக்காவின் போனில் இருந்த படத்தின் நேரத்தைப் பார்த்தார். எட்டு மணி ஐந்து நிமிடம். பிறகு இரண்டு கையாலும் ரொட்டியை எடுத்தார். ரொட்டி ரொட்டிதானே, ஒரு கையால் எடுக்க மனம் வராது. அவசரப் பிரிவுச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, விரலால் எண்ணினார். அங்கே நான்கு. இங்கே மூன்று. கூண்டருகே போய் ஒலாபரின் உதட்டைத் தூக்கினார். கடைசியில் டாக்டரைப் பார்த்தார்.

"ஈறுக்கு வெளியே ஒண்ணுமே இல்லாத பல்லு உங்க கையில எப்படி இறங்கிச்சு, எல்முரோத்?"

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. "கடிச்சது அதில்லைங்க," என்றாள் பர்னோ. இன்னமும் தரையைப் பார்த்துத்தான் பேசினாள். "எட்டரைக்கு அழகுக்காகக் காது வெட்ட ஒரு பெரிய இடத்து நாய் வந்துச்சு. அது கடிச்சது. அவங்க மேல எழுத முடியாதுன்னு கையில துணியைச் சுத்திக்கிட்டாரு. ஒலாபர் மயக்கம் தெளியறப்போ மேசையிலே முனகிச்சு, காலை ஒதறிச்சு. அது இவரு கையில பட்டுச்சு. வலி தாங்காம... தள்ளிவிட்டு, கீழ விழுந்ததை எட்டி ஒதைச்சாரு. ரெண்டு தடவை. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

பெரிய இடத்து நாய் கடிப்பதில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உயிரியல். அதனால் கடித்த நாய்க்குப் பதிலாக ஒரு நாய் தேவைப்பட்டிருக்கிறது. டாக்டர் கட்டுப்போட்ட கையைப் பைக்குள் நுழைக்கப் பார்த்தார். அது நுழையவில்லை.

ரோபியா தானே போய்க் கூண்டைத் திறந்தார். ஹோசியத் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒலாபர் உடைந்த பக்கத்தை வெளியே வைத்து, நல்ல பக்கத்தை அவர்மேல் சாய்த்துக்கொண்டது.

தொஷ்மத் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை என் மக கல்யாணம்," என்றார் தொஷ்மத். "முந்நூறு கிண்ணம் வேணும். நல்லாக் கழுவிக் குடு, தங்கச்சி."

அன்று மதியம் தேநீர்க்கடையில் தவ்ரோன் இறைச்சி போட்ட பிலாவ் சோற்றுக்குச் சொல்லியிருந்தான். ஒலாபர் மேசைக்கடியில் படுத்திருந்தது. பர்னோவும் இருந்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர் அக்காதான். "நீ வாயைத் தொறக்கலேன்னா வாதம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்," என்று சொல்லி இறைச்சித் துண்டுகளை அவள் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து நிலையத்துக்கு வேலைக்கு வரும்படி ரோபியா அவளைக் கூப்பிட்டிருந்தார்.

"உங்களுக்கு நான் என்னண்ணே செய்யறது?" என்றார் அக்கா.

"புகார் எழுது," என்றார் ஹைதராலி.

"அதான் நாய் கிடைச்சுடுச்சே. இனிமே எதுக்கு?"

"உனக்கு ஆணியில ஒரு ரொட்டி இருந்துச்சு. அடுத்தவங்களுக்கு இருக்காது. தேதி, நேரம், ஃபெர்கானா டாக்டர் எடுத்த படம், அவர் எழுதின அட்டை, பர்னோ பார்த்தது. எல்லாத்தையும் போடு. மருத்துவர் உரிமம் குடுக்கிற அலுவலகத்துக்கு ஒண்ணு, நகல் உன்கிட்ட ஒண்ணு."

அக்கா காகிதம் வாங்கி எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார். தவ்ரோன் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான்.

"அண்ணே, இதைப் பாருங்க. 'மதிப்புக்குரிய ஐயா, முதலில் எல்முரோத் டாக்டருக்கு என் நன்றி. பல்லின் வேரைத் துளி மிச்சமில்லாமல் சுத்தமாகப் பிடுங்கினார். வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது. என் நாய் இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறது.' இது புகாரா, கல்யாணப் பத்திரிகையா? அடிச்சுடலாம்கா."

"செஞ்சதுக்கு நன்றி சொல்லாம இருக்க முடியுமாப்பா?" என்றார் அக்கா. "அடுத்த வரியிலேர்ந்து ஒதைச்சது வருது பாரு."

ஹைதராலி காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். ஒரு முற்றுப்புள்ளியைக்கூட மாற்றாமல் திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கட்டும்," என்றார். "முதல் வரியைப் படிச்சவன் மீதியை நம்புவான்."

நம்பினார்கள். மூன்றாவது வாரம் எல்முரோத் டாக்டரின் கிளினிக் கதவில் முத்திரை விழுந்தது. செய்தி வந்த அன்றே ஹோசியத் அக்கா உரிமம் தரும் அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார். அதில் புகார் எதுவும் இல்லை.