மூச்செடுக்கும் பெட்டி

செங்கல் என்ற ஊரில் புஷ்பபாயின் வீட்டு முற்றத்தில் எலியா ஆட்டோவை விட்டு இறங்கியபோது, மதிய வெயில் ரப்பர் மரங்களுக்கு நடுவே கிழிந்து கிழிந்து கிடந்தது. சாவு நடந்து ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. ஆனாலும் பூட்டிக் கிடந்த அறையின் வாசனைதான் முதலில் வந்து அவனை எதிர்கொண்டது. ஈரத்துணி, பழைய மெழுகுவர்த்தி, அதற்கும் அடியில் சூடான பிளாஸ்டிக்.

அந்த அறையிலிருந்த கம்ப்யூட்டரை அவள் மகன் சஜன் செத்துப்போன பிறகு யாரும் தொட்டதில்லை. பிறகு பிளாஸ்டிக் ஏன் சூடாக மணக்க வேண்டும் என்று யோசிக்கிற அளவு புத்தி எலியாவுக்கு இருந்திருந்தால், வெறும் கையோடு அப்படியே திரும்பியிருப்பான்.

எலியாவுக்குப் பாறசாலை சந்தியில் ஒரு டிடிபி கடையில் வேலை. கல்யாணக் கார்டும் சாவு போஸ்டரும் அடிப்பான். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அவனுக்குப் புதிதாக ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. ஹேக்கிங் படிக்க வேண்டும். அதுவும் நேர்மையான ஹேக்கிங். அதை மனைவி லீலாபாய்க்கு அவன் விளக்கிய விதம் இது:

"அடுத்தவன் கம்ப்யூட்டர் பூட்ட உடைக்கப் படிக்கணும். ஆனா உடமைக்காரன் சொன்னாத்தான் உடைக்கணும். நல்ல கள்ளன் மாதிரியாக்கும்."

லீலாபாய் மீன் செதிலிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நல்ல கள்ளன் வேதத்திலயும் உண்டு. அவனும் சிலுவையிலதான் கெடந்தான்."

புஷ்பபாய் ஆள் விட்டு அவனை அழைத்ததும் இந்தக் கிறுக்கைக் கேள்விப்பட்டுத்தான். அவளுக்கு ஒரே மகன், சஜன். சபைப் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல். மஞ்சள் காமாலையில் போய்விட்டான். உயிரோடிருந்த நாளில் மைக் வைத்துத் தன் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தான். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியும் வைத்திருந்தான். அது என்னவென்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அவன் சத்தம் இதுக்குள்ள உண்டு மக்கா" என்று புஷ்பபாய் மானிட்டரின் தலையைத் தடவினாள். "வேற எங்கயும் இல்ல. கேசட்டுல கூட இல்ல. கொண்டு போ. படிச்சு இதத் தொற. ஒரு பாட்டு கேட்டா மதி, அது போரும்."

"அதுக்கென்ன மாமி, நம்ம படிச்சா தொறக்காத பூட்டும் உண்டா?" என்றான் எலியா. சாவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அப்போது அவனுக்குத் தெரியாது.

"என்ன ஒரு நாளும் அம்மாண்ணு விளிச்சதில்ல. பேரு சொல்லித்தான் விளிப்பான். புஷ்பம் சோறு போடு, புஷ்பம் குடைய எடு. எவ்வளவு ஏசியிருப்பேன். இப்ப என்னப் பேரு சொல்லி விளிக்க ஆளில்ல" என்றாள் புஷ்பபாய்.

துக்கத்தைக் கண்டால் எலியாவுக்குக் கை கால் ஓடாது, வாய் மட்டும் ஓடும். மானிட்டரைக் குழந்தைபோல் மார்போடு தூக்கிக்கொண்டு, "வா மக்கா, போவலாம்" என்றான்.

புஷ்பபாயின் கை அந்தரத்தில் நின்றது.

மரித்த வீட்டுக்குள் அந்தச் சொல் கூடாது. அங்கே வருகிறவர்களை வா என்பதில்லை, போகிறவர்கள் வாறேன் என்பதில்லை. சும்மா வர வேண்டும், சும்மா இறங்கிப் போக வேண்டும். ஊரில் பாதிச் சாவுக்கும் போஸ்டர் அடித்த எலியாவுக்கு இது தெரியாதா என்ன?

"தெரியாம வந்துட்டு மாமி."

அவள் வழி விட்டு விலகினாள். அறையின் கதவை மட்டும் சாத்தாமல் விட்டாள்.

எலியாவின் வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஆட்டோக்கார ஜெயன் வியர்வையைத் துடைத்தான். "சேட்டன் கொள்ளாமல்லோ. நல்ல பாட்டு. வழி முழுவன் கேட்டோண்டிருந்நு" என்று மலையாளத்தில் எலியாவின் பாட்டைப் புகழ்ந்தான்.

எலியாவைப் பாடகர் குழுவிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவன் குரலை முதன்முதலாக ஒருவர் புகழ்ந்ததில் மனம் குளிர்ந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னான். டீ ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது.

வழியில் அவன் வாயையே திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே அடுக்களைக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரை வைத்து, ஒரு கம்ப்யூட்டர் மாதப் பத்திரிகையின் ஹேக்கிங் பாடத்தை மடியில் விரித்து உட்கார்ந்துவிட்டான். முதல் பாடம், உடமைக்காரரின் அனுமதி வாங்கு. வாங்கியாயிற்று. இரண்டாம் பாடம், உள்ளே இருப்பதற்கெல்லாம் ஒரு நகல் எடுத்து வை. அது பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று பக்கத்தைப் புரட்டினான். மூன்றாம் பாடம், பழகுவதற்காக லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவு. பத்திரிகையோடு ஒட்டி வந்த சிடியைப் போட்டான்.

அந்த வருஷங்களில் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் போகும். முறை வைத்து ஊர் ஊராகப் போகும். வேலை பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே எலியாவுக்கு அவசரம். திரையில் ஒவ்வொரு கேள்வியாக வந்தது. எல்லாவற்றுக்கும் ஆம், ஆம் என்று தட்டினான். நீண்ட ஜெபத்தின் கடைசியில், பசித்த சபை ஆமென் சொல்லுகிற வேகத்தில்.

இந்த டிஸ்கில் உள்ள அனைத்தையும் அழிக்கவா?

ஆமென்.

தட்டிய பிறகுதான் கண் அந்த வரியை வாசித்தது. டிஸ்க் உள்ளுக்குள் கரகரவென்று அரைத்தது. எலியா கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தினான். அரைப்பு நிற்கவில்லை. ஏதோ ஒன்றை நிதானமாக மென்று விழுங்குவதுபோல் கேட்டது.

கரண்ட் போனது.

விசிறி சுழன்று தேய்ந்து நின்றது. திரை அணைந்து, சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் மிஞ்சியது. அதுவும் போயிற்று. இருட்டில் சூடான பிளாஸ்டிக்கின் வாசனை மட்டும் எழுந்தது.

அப்போது ஸ்பீக்கரிலிருந்து அது கேட்டது.

ஒரு மூச்சு.

வெளியே விட்ட மூச்சல்ல. உள்ளே இழுத்தது. நெஞ்சு நிறைய, நிதானமாக, பாட ஆரம்பிப்பவன் இழுக்கிற மூச்சு.

பாட்டு வரவில்லை.

மறுநாளும் கரண்ட் போன நேரத்தில் அதே மூச்சு. அதற்கடுத்த நாளும். எலியா ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான். மூச்சு வந்தது. ஸ்பீக்கரையே கொண்டுபோய் விறகுப்புரையில் வைத்தான். மூச்சு மேஜையருகிலேயே வந்தது.

"இஞ்ச பாருங்க, உங்களுக்கு இழுப்பு ஏதும் உண்டா?" என்று லீலாபாய் அடுக்களையிலிருந்து கேட்டாள். "இருட்டில கெடந்து மூச்சிழுக்கிய."

"கொஞ்சம் சளியாக்கும்" என்றான்.

பொய் சொல்வது அவனுக்குப் பழக்கமாகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் புஷ்பபாய் படியில் நிற்பாள், கையில் ஒரு டப்பா அச்சப்பம் பலகாரத்தோடு.

"தொறந்துதா மக்கா?"

"பாதி தொறந்தாச்சு மாமி. உள்ள இன்னொரு பூட்டு போட்டிருக்கான், பயலு கெட்டிக்காரனாக்கும்."

"அவன் அப்படித்தான்" என்று அவள் சிரிப்பாள். மகன் இறந்த பிறகு அவள் சிரிக்கும் ஒரே சிரிப்பு அது. அதையும் கொடுத்துக்கொண்டிருந்தது எலியாவின் பொய்தான். ஆராதனையில் அவள் வாய் திறந்து பாடுவதை நிறுத்திவிட்டாள். ஏனென்று லீலாபாய் கேட்டதற்கு, முதலில் அவன் பாடட்டும், பிறகு பாடுகிறேன் என்றாளாம். அன்று வீட்டில் எலியா அச்சப்ப டப்பாவைத் திறக்காமலே அடுக்களையில் வைத்தான். ஊரையே சிரிக்க வைக்கிற வாய்க்கு, "அழிச்சுப் போட்டேன்" என்று ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் புஷ்பபாய் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னைக்கு அவன் பிறந்த நாளாக்கும். தொறக்காட்டியும் சாரமில்ல, அது கெடக்கட்டும். அந்தப் பெட்டிப் பக்கத்தில கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்."

அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எலியா பின்னால் நின்றான். அவளுடைய நரைத்த வகிட்டைப் பார்த்தபோது, இனி முடியாது என்று தோன்றியது. ஏசட்டும். அடிக்கட்டும். சபை முழுக்கச் சொல்லட்டும்.

"மாமி, ஒரு காரியம் சொல்லணும். அந்தப் பாட்டு..."

கரண்ட் போனது.

மழை ஓட்டில் இறங்கும் சத்தம். சூடான பிளாஸ்டிக். அவன் பற்களைக் கடித்துக்கொண்டு அந்த மூச்சுக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை.

சொல்லிவிடலாம் என்று தைரியம் வந்தது. சொல்வதற்காக மூச்சை இழுத்தான்.

இழுத்தது நிற்கவில்லை. நெஞ்சு நிறைந்த பிறகும் இழுத்தது. நெஞ்சு நிறைய, நிதானமாக.

பிறகு பாட்டு வந்தது.

இளம் குரல், தெளிந்த குரல். இருட்டு அறை முழுக்க அது ஏறி நின்றது. புஷ்பபாய் இரு கைகளாலும் மானிட்டரைப் பற்றிக்கொண்டு விம்மினாள். எலியா தன் வாயைப் பொத்தினான். பொத்திய உள்ளங்கைக்குள் அந்தக் குரல் சூடாக அதிர்ந்துகொண்டிருந்தது.

பாட்டு முடிந்து வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது. அணைந்த கம்ப்யூட்டர் அணைந்தபடியே இருந்தது. அதையெல்லாம் பார்க்கப் புஷ்பபாயைக் கண்ணீர் விடவில்லை. எழுந்து எலியாவின் கன்னத்தை இரு கைகளாலும் பிடித்தாள்.

"தொறந்துட்டியே மக்கா. நீ நல்லா இருப்ப."

அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

முற்றத்தில் இறங்கி, மழையில் கேட்டுவரை போனாள். எலியா வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போதாவது சொல்ல வேண்டும். இந்த நன்றியோடு அவளைப் போகவிட்டால் பிறகு தூங்க முடியாது. அவன் தன்னை அழுத்திப் பிடித்து, நான்தான் அழித்தேன் என்ற சொற்களை நாக்கின் நுனிவரை கொண்டு வந்தான். வாயைத் திறந்தான்.

"வழுக்கும், பாத்துப் போ புஷ்பம்" என்றது வாய்.

கேட்டின் கொண்டியில் அவள் கை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மழை சிறிது நேரம் அவள் குடைமேல் பெய்தது.

"வாறேன் மக்கா" என்றாள் புஷ்பபாய்.

எலியாவின் நெஞ்சு, அவனைக் கேட்காமலே, அடுத்த மூச்சை இழுத்தது.