ஏழு கட்டில் வாரியம்

கூட்ட நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் தொழிற்பயிற்சி வாரியத்தின் உறுப்பினர்கள் ஏழு பேரும் ஏழு கட்டில்களில் படுத்துத் துயில்முடி என்ற கருவியைத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். பன்னிரண்டு நிமிட உறக்கத்தில் ஐந்து மணி நேரக் கூட்டம் நடந்து முடிந்துவிடும். ஏழு பேரும் ஒரே கனவுக்குள் அமர்ந்து பேசலாம் என்றுதான் அந்தக் கருவியை விற்றவர்கள் சொன்னார்கள். தூத்துக்குடிக் கடற்காற்று திரைச்சீலையை மெல்ல ஊதும். உண்ட மயக்கத்தில் நிர்வாகம் செய்ய இதைவிடச் சுகமான வழி கிடையாது.

வாரியம் தொழில் கற்பித்ததும் இப்படித்தான். மூன்று வாரம் மதியத்தில் உறங்கினால் பத்து வருட அனுபவமுள்ள வெல்டராக எழுந்திருக்கலாம்.

உறுப்பினர்களில் ஒருத்தியான பெர்னதெத், இருபத்தாறு வருடம் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்த்தவள். உறங்கிக் கற்றவர்கள் உச்சியில், விழாமல் காக்கும் இடுப்புக் கொக்கியை மாட்டுவதில்லை என்று அவள் கண்டுகொண்டாள். கனவில் விழுகிறவன் தரையைத் தொடுமுன் விழித்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு நடப்பது மட்டும் பாடத்தில் இல்லை.

விழித்திருந்து ஒரு வாரம் கோபுரப் பயிற்சி வேண்டும் என்று போன கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தாள். தலைவர் அம்பலவாணன் எழுந்து நின்று கைதட்டினார். இரண்டு மாதமாயிற்று, ஒருவரையும் கோபுரத்தில் ஏற்றக் காணோம். திங்கட்கிழமை, உறங்கிக் கற்ற நாற்பது பேர் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் வேலைக்குப் போகிறார்கள்.

இன்று சாப்பாட்டுக்கு முன், கூட்டக் குறிப்பு எழுதுவதற்காக விழித்திருக்கும் செயலாளர் ஹமீதாவைப் பிடித்துக் கேட்டாள். ஹமீதா தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள். கனவுகளின் இணைப்பு முதல் மாதமே அறுந்துவிட்டது. பதினோரு வருடமாக அவரவர் தனியாகத்தான் உறங்குகிறார்கள்.

“தலைவர் கனவுல புதுக் கட்டடம், உங்க கனவுல கோபுரம். எல்லாமே ஒருமனதாத்தான் நிறைவேறுதுக்கா.”

“அப்போ குறிப்புல நீ என்னத்த எழுதுத?”

“பழைய குறிப்புல தேதிய மாத்துவேன். யாரும் வாசிக்காமத்தான கையெழுத்துப் போடுதீங்க?”

பெர்னதெத்துக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. அவளும் ஒருமுறைகூட வாசித்ததில்லை.

இன்று அவள் மட்டும் படுக்கவில்லை. ஆறு பேரும் புன்னகையோடு உறங்கினார்கள். சற்று நேரத்தில் தலைவரின் கை மெல்ல உயர்ந்தது. அவர் கனவில் ஏதோ வாக்கெடுப்பு. பிறகு இன்னொரு கை. அறையில் உயரும் கைகளை எண்ண வேண்டும் என்பதே விதி. விழித்திருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அவள் தன் தீர்மானத்தை உரக்க வாசித்தாள். ஆறாவது கையும் எழும்வரை மறுபடி மறுபடி வாசித்தாள். ஹமீதா எழுதிக்கொண்டாள். விழித்தவர்கள் கண்ணைக் கசக்கியபடி, அவரவர் வெற்றியின் மகிழ்ச்சியில், வாசிக்காமலே கையெழுத்திட்டார்கள்.

படியிறங்கும்போதே அவள் மனத்தில் அடுத்த தீர்மானம் உருவாகிவிட்டது. கீழ்த்தளம் வருவதற்குள் மூன்றாவதும். எந்தக் கனவிலும் இவ்வளவு சுலபமாக எதுவும் நடந்ததில்லை.

முற்றத்தில் காத்திருந்த நாற்பது பேரிடமும் முடிவைச் சொன்னாள். முத்துச்செல்வி என்ற பயிற்சிப் பெண் முகம் சுளித்தாள்.

“கனவுல ஆயிரம் தடவ விழுந்தாச்சு மேடம், ஒண்ணும் ஆகல. வெயில்ல ஒரு வாரம் எதுக்கு? போர்டுல ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலியா?”

பதினோரு வருடத்தில் பெர்னதெத்தின் காதில் விழுந்த முதல் மறுப்பு அது. இத்தனை காலமும் கொக்கியில்லாமல் உயரத்தில் நின்றது தானும்தான் என்று அவளுக்கு விளங்கியது.

“யாரும் சொல்லலம்மா. அடுத்த கூட்டத்துக்கு நீ வா. வந்து வேண்டாம்னு சொல்லு.”

முத்துச்செல்வி மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கும் ஒரு கட்டில் போடுவாங்களா, மேடம்?” என்று கேட்டாள்.